1.10 எப்படி 1.1 ஆனது?

எஃப்-டிராய்டில் ஒரு செயலியைச் சேர்க்கப் போய், பில்ட் லாகில் "எதிர்பாராத பதிப்பு: ஏபிகே-யில் இருப்பது 1.10 / 23, எதிர்பார்த்தது 1.1 / 23" என்கிற மாதிரி ஒரு வரியைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கிறீர்களா? உங்களுக்குத்தான் இந்தப் பதிவு. மற்றவர்களும் படிக்கலாம். யாமல் கோப்பைத் தொடுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து சேரத்தான் போகிறார்கள்.

எஃப்-டிராய்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டுக்கான கட்டற்ற மென்பொருள்களை மட்டும் தரும் களஞ்சியம் அது. கியரன் கல்ட்னிக்ஸ் என்பவர் 2010-இல் தொடங்கியது. பிளே ஸ்டோரில் நீங்கள் கட்டிய கோப்பைக் கொண்டுபோய் ஏற்றுவீர்கள். இங்கே அப்படி இல்லை. மூல நிரல் எந்த ரெப்போவில் இருக்கிறது, எந்தக் கமிட்டிலிருந்து எடுக்க வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒரு குறிப்புக் கோப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் படித்து, நிரலை இழுத்து, அவர்களுடைய சர்வரே செயலியைக் கட்டும். இந்தக் குறிப்புகள் எல்லாம் கிட்லேபில் எஃப்டிராய்டுடேட்டா என்ற ஒரே ரெப்போவில் இருக்கின்றன. செயலிக்கு ஒரு யாமல் கோப்பு. புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொரு கோப்பை எழுதி மெர்ஜ் ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" ஒரு வாரத்தைத் தின்றுவிடும் என்பது அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திருநெல்வேலிப் பக்கம் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் பால் கணக்கு எழுத ஒரு செயலி செய்திருந்தான். தினம் எத்தனை பாக்கெட், எந்த நாள் வாங்கவில்லை, மாதக் கடைசியில் எவ்வளவு கொடுக்க வேண்டும். இணையம் வேண்டாம், விளம்பரம் கிடையாது, அனுமதி எதுவும் கேட்காது. (தமிழில் நிரல் எழுதுகிறவனின் முதல் செயலி திருக்குறளாக இல்லாமல் இருந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.) அவன் அம்மாவே பயன்படுத்துகிறார். 1.0-இல் தொடங்கி 1.9 வரை வந்து, அடுத்தது 1.10 ஆன நேரத்தில்தான் எஃப்-டிராய்டுக்கு அனுப்பலாம் என்று தோன்றியிருக்கிறது. 1.9-லேயே அனுப்பியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

"அண்ணே, கிரேடில்ல என்னமோ பிரச்சினைண்ணே. பில்ட் சக்ஸஸ்னு வருது, அப்புறம் ஜாப் ஃபெயில்டுனு வருது."

லாகை அனுப்பச் சொன்னேன். கடைசி வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பினான். "ஜாப் தோற்றது, வெளியேறும் எண் 1." கிட்லேபில் எந்த வேலை எதனால் தோற்றாலும் கடைசியில் இந்த மாதிரிதான் வரும். இதில் ஒரு தகவலும் இல்லை. லாகை அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். முதலில் கண்ணில் படும் உருப்படியான வாக்கியம் எதுவோ அதுதான் நமக்கு வேண்டியது. முழு லாகையும் வாங்கிப் பார்த்தேன். மேலே சொன்ன வரி அங்கே இருந்தது: ஏபிகே-யில் 1.10, எதிர்பார்த்தது 1.1.

அவனும் அந்த வரியைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, செயலிதான் தப்பான பதிப்பைச் சொல்கிறது என்று முடிவு கட்டி, கிரேடில் கோப்புக்குள் போய் வெர்ஷன்நேமை மாற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். கிரேடில் மீது சந்தேகம் வருவது இயற்கை. ஆண்ட்ராய்டு பக்கம் எது நடக்காவிட்டாலும் பாதி நேரம் அதுதான் காரணம். ஆனால் இங்கே கிரேடில் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டது. செயலி கட்டப்பட்ட பிறகு எஃப்-டிராய்டின் கருவி ஏபிகே-யைத் திறந்து, உள்ளே எழுதியிருக்கும் பதிப்பையும் குறிப்புக் கோப்பில் சொல்லியிருக்கும் பதிப்பையும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நிறுத்திவிடும். நல்ல பாதுகாப்புதான். தப்பான கமிட்டைச் சுட்டியிருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஆக, "எதிர்பார்த்தது" என்ற பக்கத்தில்தான் கோளாறு. அந்த 1.1 எங்கிருந்து வந்தது? குறிப்புக் கோப்பைத் திறந்தால் தெள்ளத்தெளிவாக இருக்கிறது:

வெர்ஷன்நேம்: 1.10

"கரெக்டாத்தானேண்ணே இருக்கு?"

கண்ணுக்குக் கரெக்ட்தான். யாமலுக்கு அது ஒரு தசம எண். 1.10 என்ற எண்ணும் 1.1 என்ற எண்ணும் ஒன்றே என்று ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். கோப்பைப் படிக்கும் பார்சர் அதை எண்ணாக எடுத்து, கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று விட்டுவிட்டு, பிறகு எழுத்தாக மாற்றும்போது 1.1 என்று நீட்டுகிறது. பதிப்பு எண் என்று நாம் சொன்னாலும் அது எண் இல்லை. 1.9-க்குப் பிறகு 1.10 வருவது எந்தக் கணக்கில் சேர்த்தி? ஆண்ட்ராய்டே அதை எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை. எது புதியது, எது பழையது என்று தீர்மானிக்க வெர்ஷன்கோட் என்ற முழு எண் தனியாக இருக்கிறது. இவன் செயலியில் அது 23. வெர்ஷன்நேம் மனிதர் பார்வைக்கான வெறும் எழுத்துச் சரம்.

மருந்து, இரண்டு மேற்கோள் குறிகள். '1.10' என்று எழுதினால் முடிந்தது.

ஆனால் அவன் கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. "நான் வேற ஒரு செயலியோட ஃபைலைப் பாத்துத்தான்ணே எழுதுனேன். அதுல மேற்கோளே இல்லையே?"

அந்தக் கோப்பையும் பார்த்தேன். உண்மைதான், இல்லை. அந்தச் செயலியின் பதிப்பு 2.4.1. இரண்டு புள்ளிகள் இருந்தால் அது எண்ணாகவே இருக்க முடியாது. அதனால் யாமல் தானாகவே எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்கிறது, மேற்கோள் தேவைப்படவில்லை. எஃப்டிராய்டுடேட்டாவில் கொஞ்சம் உலாவினால் ஒரு கோப்பில் மேற்கோளோடும் இன்னொன்றில் மேற்கோள் இல்லாமலும் இருப்பதைப் பார்க்கலாம். சில நேரம் ஒரே கோப்புக்குள்ளேயே, 2.0-க்கு மேற்கோள் இருக்கும், அடுத்த வரியில் 2.0.1-க்கு இருக்காது. புதிதாக வருகிறவனுக்கு அது ஏதோ கவனக்குறைவு போலத் தெரியும். உண்மையில் காரணம் இந்தப் புள்ளிக் கணக்குதான். பார்த்து எழுதுவதில் தவறே இல்லை, நாம் எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். ஆனால் யாமலில் ஒருவருக்குச் சரியாக வந்தது உங்களுக்கு வராமல் போக ஒரு புள்ளி போதும்.

இந்த மாதிரி நேரத்தில் நான் செய்வது ஒன்றுதான். கோப்பை வெறித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இயந்திரம் அதை எப்படிப் படித்தது என்று இயந்திரத்திடமே கேட்பேன். டெர்மினலில் பைதானைத் திறந்து, யாமல் நூலகத்தை இறக்குமதி செய்து, சேஃப்-லோட் மூலம் அந்தக் கோப்பைப் படித்து அப்படியே அச்சிடச் சொன்னால் போதும். ஒரு வரி வேலை. திரையில் வருவதில் எழுத்துச் சரங்கள் மேற்கோளுக்குள் இருக்கும், எண்கள் வெறுமையாக நிற்கும். வெர்ஷன்நேமுக்கு எதிரே மேற்கோள் இல்லாமல் 1.1 என்று நிற்பதைப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. தம்பி அதைப் பார்த்ததும் "அடப்பாவி" என்றான். பார்சரைத்தான் சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். மேற்கோள் போட்டு மறுபடி அனுப்பினான். மறுபடி சிவப்பு. அதே பிழை, ஆனால் இந்த முறை "எதிர்பார்த்தது" பக்கத்தில் 1.10-ஐச் சுற்றி ஒரு ஜோடி மேற்கோள் கூடுதலாக இருந்தது. அதுவும் வளைந்த மேற்கோள். விசாரித்தால், அந்த வரியை முதலில் ஆவணம் தட்டச்சும் மென்பொருளில் குறிப்பாக எழுதி வைத்து, அங்கிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறான். அந்த மென்பொருள் நேரான மேற்கோளை அழகாக்குகிறேன் பேர்வழி என்று வளைத்துவிட்டது. யாமலுக்கு நேர் மேற்கோள்தான் மேற்கோள். வளைந்தது அதற்கு இன்னொரு எழுத்து மட்டுமே, அதனால் பதிப்பின் பெயரோடு சேர்த்து விழுங்கிவிட்டது. இதையும் கோப்பில் கண்ணால் கண்டுபிடிப்பது சிரமம். பல டெர்மினல் எழுத்துருக்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இங்கே உதவுவது கேட் கட்டளையின் பெரிய ஏ விருப்பம். வரி முடிவில் டாலர் குறி போடும். டேப் இருந்தால் தொப்பிக் குறியோடு ஐ என்று காட்டும். விண்டோஸ் பாணி வரி முடிவு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் தொப்பிக் குறியோடு எம் வரும். ஆஸ்கிக்கு வெளியே உள்ள எழுத்து எதுவானாலும் எம்-இல் தொடங்கும் கோணல் குறிகளாகிவிடும். வளைந்த மேற்கோள், வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் உடையா இடைவெளி, அகலமே இல்லாத இணைப்பான்கள் எல்லாம் இதில் சிக்கும். ஒரே எச்சரிக்கை, தமிழ் எழுத்துகள் உள்ள கோப்பில் இதை ஓட்டினால் வரி முழுக்க கோணல் குறிகளாகத்தான் தெரியும். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். பயப்பட வேண்டாம்.

யாமலைப் பற்றி என் மனக்குறையை இங்கேயே கொட்டிவிடுகிறேன். எழுதுகிறவருக்கு வசதி என்று மேற்கோளை விருப்பத்துக்கு விட்டுவிட்டு, வகை என்ன என்று ஊகிக்கும் வேலையைப் பார்சரிடம் கொடுத்த வடிவம் இது. யாமல் 1.1 பதிப்பின் விதிப்படி யெஸ், நோ, ஆன், ஆஃப் எல்லாம் உண்மை/பொய் மதிப்புகள். நாட்டுக் குறியீடுகளின் பட்டியலில் நார்வேக்கு உரிய என்ஓ என்ற இரண்டு எழுத்தை மேற்கோள் இல்லாமல் எழுதினால் அது "பொய்" ஆகிவிடும். நார்வே சிக்கல் என்றே இதற்குப் பெயர் விழுந்துவிட்டது. 5:30 என்று பால் வரும் நேரத்தை எழுதினால் அறுபதின் அடுக்கில் கணக்குப் போட்டு 330 என்று வைத்துக்கொள்ளும். 2009-இல் வந்த 1.2 பதிப்பில் இவற்றில் பலவற்றை நீக்கினார்கள். ஆனால் பைதான்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் பையாமல் நூலகம் இன்னும் 1.1 விதிகளில்தான் நடக்கிறது. எஃப்-டிராய்டு கோப்பிலேயே கிரேடில் என்ற புலத்துக்கு யெஸ் என்று எழுதும் வழக்கம் உண்டு. தனி ஃபிளேவர் எதுவும் இல்லை, நேராகக் கட்டு என்று அர்த்தம். அதை அவர்கள் கருவி புரிந்துகொள்கிறது, சரி. ஆனால் 1.10 சிக்கல் 1.2-க்குப் போனாலும் தீராது, தசம எண் அங்கேயும் தசம எண்தான்.

தம்பிக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது. 2021 அக்டோபரில் பைதான் 3.10 வெளிவந்தபோது உலகம் முழுக்கச் சோதனை ஓட்டக் கோப்புகளில் 3.9-க்குக் கீழே 3.10 என்று சேர்த்தார்கள். அது 3.1 ஆகிப்போனது. அப்படி ஒரு பைதானைத் தேடி, கிடைக்காமல், பிழை காட்டின. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே மாட்டினார்கள். இப்போது பெரும்பாலான மாதிரிக் கோப்புகளில் பைதான் பதிப்பு மேற்கோளுக்குள் இருப்பதற்கு இந்தச் சிக்கல்தான் காரணம்.

இதே வம்சத்தில் இன்னொன்று, குறைவாகப் பேசப்படுவது. கமிட் அடையாளத்தை முழு நாற்பது எழுத்தும் எழுதுங்கள் என்று எஃப்-டிராய்டில் மதிப்பாய்வு செய்கிறவர்கள் சொல்வார்கள். டேக்கைப் பிறகு நகர்த்திவிட முடியும் என்பதுதான் முதன்மைக் காரணம். ஆனால் ஏழு எழுத்தாகச் சுருக்கி எழுதுவதில் இந்த ஆபத்தும் இருக்கிறது. கமிட் அடையாளத்தில் வரக்கூடிய பதினாறு குறிகளில் பத்து இலக்கங்கள். ஆகவே சுருக்கிய ஏழும் இலக்கமாகவே விழ நூற்றுக்கு மூன்று நான்கு வாய்ப்பு உண்டு. 0123456 என்று விழுந்தால், முன்னால் பூஜ்யம் இருப்பதால் பழைய விதிப்படி எட்டின் அடிமானத்தில் படித்து 42798 என்று கையில் கொடுக்கும். அப்படி ஒரு கமிட்டைத் தேடி நீங்கள் உங்கள் ரெப்போவைப் பிராண்டிக்கொண்டிருப்பீர்கள்.

டாம்ல் வடிவத்தில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே சரத்துக்கு மேற்கோள் கட்டாயம். ரஸ்டின் கார்கோ கோப்பில் பதிப்பை மேற்கோள் இல்லாமல் எழுதினால், இது எண், எனக்குச் சரம் வேண்டும் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லி நிறுத்திவிடும். எனக்கு அதுதான் பிடிக்கும். தானாக ஊகித்துக்கொண்டு, அரை மணி நேரம் செயலியைக் கட்டிவிட்டுக் கடைசியில் கைவிரிப்பதைவிட, முதல் வரியிலேயே "புரியவில்லை" என்பது மேல். ஆனால் ஆயிரக்கணக்கில் யாமல் கோப்புகள் குவிந்துகிடக்கும் ஒரு பட்டியலை நாளைக்கே மாற்ற முடியாது. இருப்பதோடுதான் குடித்தனம்.

நேரான மேற்கோள் போட்டதும் பில்ட் பச்சையானது. அடுத்து லின்ட், அதாவது குறிப்புக் கோப்பைச் சரிபார்க்கும் சோதனை. உரிமத்தை ஜிபிஎல்வி3 என்று எழுதியிருந்தான். எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் உள்ளபடி, "3.0 மட்டும்" அல்லது "3.0 அல்லது அதற்குப் பிந்தையது" என்று இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாற்றினான். அதில் சுவாரசியம் எதுவும் இல்லை.

சுவாரசியம் தமிழ்ச் சுருக்கத்தில் இருந்தது. செயலியின் ரெப்போவில் ஃபாஸ்ட்லேன் என்ற அடைவுக்குள் மொழிவாரியாக விளக்கம் எழுதி வைத்தால் எஃப்-டிராய்டு அதை எடுத்துக்கொள்ளும். சுருக்க விளக்கத்துக்கு 80 எழுத்துதான் வரம்பு. தம்பி எழுதியிருந்தது இது: "தினசரி பால் கணக்கை எழுதி வைத்து மாதக் கடைசியில் கூட்டிச் சொல்லும் எளிய இலவசச் செயலி". நீளம் அதிகம் என்று பதில் வந்தது.

"எண்ணிப் பாத்துட்டேண்ணே, அம்பத்தி நாலுதான் வருது."

நானும் விரல்விட்டு எண்ணினேன். இடைவெளி உட்பட 54. இங்கேயும் அதே வைத்தியம்தான்: பைதானிடம் நீளம் கேட்டோம். 83 என்றது. நமக்குப் "பால்" இரண்டு எழுத்து. யூனிகோடுக்குப் ப, துணைக்கால், ல, புள்ளி என்று நான்கு. "சொல்லும்" நமக்கு நான்கு, அதற்கு எட்டு. மெய்யும், அகரம் ஏறியது தவிர்த்த உயிர்மெய்யும் ஒவ்வொன்றும் இரண்டாக எண்ணப்படுவதால் 80 என்ற வரம்பில் தமிழுக்குக் கிடைப்பது ஐம்பது எழுத்துக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே. ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு முழு 80. வழக்காடிப் பயனில்லை, வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான்.

இதற்குள் இன்னொரு பள்ளம் உண்டு. "சொ" என்பதைச் ச-வும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீட்டில் எழுதலாம். ச, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளில் மூன்றாக உடைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நீளம் கூடுவது ஒருபக்கம், தேடினால் கிடைக்காது என்பது இன்னொரு பக்கம். பைதானிலேயே யூனிகோட் நூலகத்தில் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் சேர்ந்துவிடும். தம்பியுடைய உரையில் அந்தக் குறை இல்லை. "இலவசச்" என்ற சொல்லை எடுத்தோம், 76-க்கு வந்துவிட்டது. எஃப்-டிராய்டில் இருப்பது எல்லாமே இலவசம்தான், அங்கே போய் அதைச் சொல்வானேன்.

எல்லாம் பச்சையான பிறகு மதிப்பாய்வு செய்தவர் இரண்டு கேள்வி கேட்டார், பதில் சொன்னதும் சேர்த்துக்கொண்டார். சேர்த்த அன்றே செயலி பட்டியலில் தெரியாது. கட்டி, கையொப்பமிட்டு வெளியிடச் சில நாள் பிடிக்கும். "இன்னும் வரலியேண்ணே" என்று தம்பி கேட்டுக்கொண்டிருந்ததற்கு நான் சொன்ன பதிலும் அதுவே.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நீங்கள் ஏதாவது ஒரு பேக்கேஜ் பட்டியலைப் பராமரிப்பவராக இருந்தால், புதியவர்களுக்குக் கொடுக்கும் மாதிரிக் கோப்பில் பதிப்பை '1.10' என்று மேற்கோளோடு எழுதி வையுங்கள், 2.4.1 என்று எழுதி வைத்தால் மேற்கோள் ஏன் வேண்டும் என்பது யாருக்கும் தெரியாமலே போகும். கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலி வைத்திருப்பவராக இருந்தால், ஃபாஸ்ட்லேன் அடைவுக்குள் தமிழுக்கு ஒரு அடைவு திறந்து சுருக்க விளக்கத்தையாவது எழுதுங்கள். எழுதியதை விரல்விட்டு எண்ணாமல் பைதானிடம் கொடுத்து எண்ணுங்கள், 80-க்குள் இருந்தால் போதும்.